மாதா படத்தைத் தொட்டுச் செய்த சத்தியம்

தஞ்சாவூர்ப் பக்கம், வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு 46 வயது. கத்தோலிக்கப் பங்கில் ஓர் அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவுக்கு, தலைவி. மாமனார் காலத்திலிருந்து ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. நிலக்காரர் ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறார். மகன் வேறொரு கட்சியில் ஓடியாடி வேலை செய்கிறான். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், 19 வயது, முதல் ஓட்டு.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ராத்திரி ஒன்பது மணிக்கு, நிலக்காரர் கட்சியிலிருந்து தெரிந்த பெண் ஒருவர் வந்திருக்கிறார். வீட்டில் நாலு ஓட்டு என்று கணக்குப் போட்டு எட்டாயிரம் ரூபாய். மகனுடைய ஓட்டைச் சேர்க்கவில்லை, அவன் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். பணத்தைக் கையில் கொடுக்கும் முன் ஒரு தட்டில் வேளாங்கண்ணி மாதா படத்தை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, ‘தொட்டுச் சத்தியம் பண்ணுங்க’ என்றிருக்கிறார். இவரும் செய்துவிட்டார். ஐயாயிரம் மகளின் விடுதிக் கட்டணத்துக்குப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், கட்சிப் பெயரைச் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லோருக்கும் புரியும்படி, ‘அவர்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் ஆண்டவரின் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்’ என்றாராம். சத்தியம் செய்து கொடுத்தது அதே கட்சிக்குத்தான். மகன் அந்தப் பிரசங்கத்தை மொபைலில் பிடித்து வைத்துக்கொண்டு, போலீஸுக்கு அனுப்பவா, வாட்ஸ்அப்பில் போடவா என்று நிற்கிறான். மகளிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டிருக்கிறாள்: ‘என் ஓட்டை நீ ஏம்மா வித்த?’

கடிதத்தின் கடைசிப் பக்கம் முழுக்கக் கேள்விகள். சத்தியத்தை மீறினால் பாவமா? சாமியார் பேச்சை மீறினால் பூசையில் நன்மை (நற்கருணை) கொடுக்க மறுப்பாரா? யாருக்குப் போட்டோம் என்று நிலக்காரருக்குத் தெரிந்துவிடுமா? மகளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? பேசாமல் வாக்குப்பதிவு அன்றைக்கு வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறிவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

பஸ் ஏற வேண்டாம். ஓட்டுப் போடாமல் இருப்பது குற்றமல்ல, ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் எந்தப் பிரச்சினையும் அதனால் தீராது. திரும்பி வரும்போது எல்லாம் அப்படியே இருக்கும். யாருக்கும் போட மனமில்லை என்றால் அதற்கு இயந்திரத்திலேயே கடைசியாக ஒரு பொத்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு வந்தது, நோட்டா. எத்தனை பேர் அதை அழுத்தினாலும், மற்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடுவார் என்பதையும் தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.

நான் வழக்கறிஞர், ஆன்ம குரு அல்ல. ஆனால் நானும் ஞானஸ்நானம் வாங்கியவள், எந்தச் சட்டப் புத்தகம் கண்ணில் பட்டாலும் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கமும் உண்டு. அதனால் நாட்டுச் சட்டத்தோடு திருச்சபைச் சட்டத்தையும் தொட்டே பேசுகிறேன்.

சத்தியம் கட்டுமா?

உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று தெரிகிறது. மூன்று இடத்தில் இதையே எழுதியிருக்கிறீர்கள்.

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் சத்தியத்துக்கென்றே சில விதிகள் இருக்கின்றன. மனமுவந்து சத்தியம் செய்தவருக்கு அதை நிறைவேற்றும் கடமை உண்டு என்று 1200-ஆம் விதி தொடங்குகிறது. இந்த முதல் பாதிதான் நமக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தரப்பட்டது. அதே விதியின் அடுத்த பகுதி, ஏமாற்றியோ வற்புறுத்தியோ கடும் அச்சத்தை உண்டாக்கியோ வாங்கிய சத்தியம் செல்லாது என்கிறது. நிலக்காரரின் ஆள், ராத்திரி நேரம், கையில் பணம், கண்ணுக்கு முன்னால் குத்தகை. இதில் உங்கள் மனம் எவ்வளவு உவந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ‘இல்லை, நான் யோசித்துத்தான் செய்தேன்’ என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த விதி 1201, பிறருக்கோ பொது நலனுக்கோ கேடு செய்யும் ஒரு காரியத்தோடு சத்தியத்தைச் சேர்த்தால் அந்தக் காரியத்துக்கு அதனால் கூடுதல் பலம் எதுவும் வராது என்கிறது. ஓட்டை விற்பது அப்படிப்பட்ட காரியம்தான் என்று நான் வாசிக்கிறேன். மாதா படத்தைப் பக்கத்தில் வைத்ததால் அது நேர்ச்சையாக மாறிவிடாது.

சத்தியத்தைக் காப்பாற்றப் போய்ப் பெரிய பாவம் செய்த ஒருவனின் கதை உங்களுக்குத் தெரியும். விருந்தில் எல்லோர் முன்னாலும் ஆணையிட்டுவிட்டான் என்பதற்காக யோவானின் தலையை வெட்டச் சொன்ன ஏரோது. மாற்கு ஆறாம் அதிகாரம். வேளாங்கண்ணியில் கொடியேறுகிற ஆகஸ்ட் 29 அன்றுதான் திருச்சபை அந்தச் சாவை நினைவுகூருகிறது. கொடியேற்றக் கூட்டத்தில் யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை, எனக்கே சில வருஷம் முன்னால்தான் உறைத்தது.

மனம் இன்னும் ஆறவில்லை என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். உங்கள் பங்குச் சாமியாரிடமே சொல்ல வேண்டும் என்றில்லை. பூண்டி மாதா கோயில் பக்கம்தானே, அங்கே போய் முகம் தெரியாத குருவிடம் சொல்லலாம்.

அந்த எட்டாயிரம்

இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘கொடுத்தவர்கள்தானே குற்றவாளி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவு, ஓட்டுக்காகக் கொடுப்பதையும் வாங்குவதையும் லஞ்சம் என்றே சொல்கிறது. 173-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மகன் போலீஸுக்குப் போகிறேன் என்கிறானே, அங்கே ‘உங்கள் வீட்டுக்கு வந்ததா?’ என்ற கேள்வி எழுந்தால் சாட்சியும் நீங்கள்தான், குற்றம் செய்தவரும் நீங்கள்தான். அதனால் பண விஷயத்தில் புகார் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்துவிடுங்கள்.

மீதி மூவாயிரத்தை வேளாங்கண்ணி உண்டியலில் போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். உண்டியலில் போட்டால் லஞ்சம் காணிக்கையாகிவிடாது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் அந்தப் பெண்ணிடமே சத்தமில்லாமல் கொடுங்கள், ‘வீட்டுக்காரருக்கு ஒத்துவரலை’ என்று ஏதாவது சொல்லி. அதனால் குத்தகைக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால் அவசரப்பட வேண்டாம். பணத்தைத் திருப்புவது தாமதமாகலாம், ஓட்டு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

‘இதெல்லாம் யார் கேட்கிறார்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்ட வருஷம் உண்டு. 2016-இல் பணப் பட்டுவாடா அதிகமாகிப் போனதால் தஞ்சாவூர் தொகுதிக்கும் அரவக்குறிச்சிக்கும் மே மாதத்தில் நடக்க வேண்டிய தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்து, நவம்பர் 19-இல்தான் நடத்தியது. நம் மாவட்டத்தின் பெயர் அப்படி ஒரு காரணத்துக்காக நாடு முழுவதும் அடிபட்டது.

சாமியார் சொன்னதும் மகன் பிடித்ததும்

‘கோயிலில் அரசியலே பேசக் கூடாது, பேசினால் சட்டப்படி குற்றம்’ என்பது உங்கள் மகனின் வாதம். அது பாதிதான் சரி. ஒரு குருவானவர் ஓட்டுப் போடச் சொல்லலாம், காசு வாங்காதே என்று சொல்லலாம். கிறிஸ்தவ தலித்துகளுக்கு 1950-ஆம் ஆண்டு ஆணையால் பட்டியல் சாதி உரிமை கிடைக்காமல் போனதையும், அந்த ஆணையை 1956-இல் சீக்கியருக்காகவும் 1990-இல் பௌத்தருக்காகவும் திருத்தியதையும், நமக்காகத் திருத்தாததையும் பேசலாம். சிறுபான்மையினர் அச்சத்தோடு வாழ்கிறார்கள் என்றால் அதையும் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவரும் குடிமகன்தான்.

அவர் எல்லை தாண்டியது ‘ஆண்டவரின் கோபம்’ என்ற இடத்தில். ஒரு வாக்காளரை ‘நீ தெய்வ கோபத்துக்கு ஆளாவாய்’ என்று நம்பவைக்கப் பார்ப்பதை அதே நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவு தகாத செல்வாக்கு என்று தனியாகவே எடுத்துச் சொல்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவிலும் அதே வாசகம் உண்டு. கோயில் சாபம் என்றாலும் தர்கா சாபம் என்றாலும் பங்குக் கோயில் சாபம் என்றாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். இது போக, வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு.

சரி, அப்படியென்றால் மகன் வீடியோவை அனுப்பிவிடலாமா? அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் போடுவது வேறு விஷயம். நாற்பது நிமிஷப் பிரசங்கத்தில் இருபது விநாடியை வெட்டி, மேலே ஒரு தலைப்பை ஒட்டி யாரோ அனுப்புவார்கள். பொழுது விடிவதற்குள் அது உங்கள் ஊர்க் கதையாக இருக்காது, மதக் கதையாகிவிடும். தேர்தலையொட்டி மதப் பகையைத் தூண்டினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அந்த வழக்கில் முதலில் தேடுவது முதலில் பரப்பியவனைத்தான். மகனுக்கு அவன் கட்சிக்காரர்கள் ஜாமீன் எடுப்பார்களா என்று அவனையே கேட்டுப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், அன்பியத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே பங்களாவுக்குப் போய் ஃபாதரிடம் பேசுவேன். ‘நீங்க சொன்னதுல பயமாயிருக்கு ஃபாதர், இது சட்டப்படியும் தப்பாமே’ என்று. பல சமயம் அதுவே போதும். அடுத்த ஞாயிறும் தொடர்ந்தால் பல பங்குகளைக் கவனிக்கும் மறைவட்ட அதிபர், அதற்கும் மேலே ஆயர் இல்லம். அப்போது வீடியோ அங்கே பயன்படும். அங்கேயும் காது கொடுக்கவில்லை என்றால் தேர்தல் அலுவலரிடம் போகலாம், 1950 என்ற தொலைபேசி எண்ணும் தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் என்ற புகார் செயலியும் அதற்குத்தான் இருக்கின்றன. கோயில் மானம் போகுமே என்று தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அது வரும்.

நன்மை மறுப்பதைப் பற்றி: ஓட்டுக்காக மறுக்க அவருக்கு அதிகாரமில்லை. சட்டம் விலக்காத எந்த ஞானஸ்நானம் பெற்றவருக்கும் நன்மை கொடுத்தாக வேண்டும் என்பது திருச்சபையின் விதி. உலகக் காரியங்களில் எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள சுதந்திரம் பொதுநிலையினருக்கும், அதாவது குருவோ துறவியோ அல்லாத விசுவாசிகளுக்கும், உண்டு என்று திருச்சபைச் சட்டத்தின் 227-ஆம் விதி சொல்கிறது. ஒரே விசுவாசம் உள்ளவர்கள் அரசியலில் நேர்மையாகவே வேறுபடலாம், அப்போது யாரும் திருச்சபையின் அதிகாரத்தைத் தன் கருத்துக்கு மட்டும் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே எழுதிவைத்தது. கத்தோலிக்க ஓட்டு என்று ஒரே மூட்டையாகக் கட்டி எடைபோடுகிறவர்கள் நாகைக் கரையில் வலை இழுப்பவரையும், திருவையாற்றில் நடவு நடுபவரையும், திருச்சியில் பாடம் நடத்துபவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தெரிந்துவிடுமா?

தெரியாது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் ஒரு சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரிந்து பெட்டிக்குள் விழும். அதில் சின்னம் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னால், உள்ளே மொபைல் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கோர்ட்டில்கூட உங்களைச் சொல்ல வைக்க முடியாது, அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பூத்வாரியாக எந்தக் கட்சிக்கு எத்தனை என்பது வெளியே வரும். நிலக்காரர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ‘நம்ம தெரு கவுத்துடுச்சு’ என்று முறைக்கலாம். ஆயிரம் பேர் போட்ட பூத்தில் உங்கள் நாலு ஓட்டைப் பிரித்துப் பார்க்க அவரால் முடியாது.

மாமியாருக்குக் கண் மங்கல், கட்சிக்காரப் பெண்ணே கூட்டிப்போகிறேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். விடாதீர்கள். பார்வையில்லாதவருக்குத் துணையாக யார் உள்ளே வருவது என்பதை மாமியார்தான் முடிவு செய்ய வேண்டும். 18 வயது நிரம்பியவராக இருந்தால் போதும். ஒருவர் அன்றைக்கு ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை வரலாம், ரகசியம் காப்பேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். பேத்தியே போகலாமே.

குத்தகை

எழுத்தில் இல்லை என்பதால் நாளைக்கே வரப்பை விட்டு இறக்கிவிடலாம் என்று நிலக்காரர் நினைக்கலாம், நீங்களும் அப்படியே நம்புகிறீர்கள். தமிழ்நாட்டில் 1955-இலிருந்து சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தானே உடம்பால் உழைத்துச் சாகுபடி செய்பவருக்கு வாய்மொழிக் குத்தகையிலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. குத்தகை பாக்கி, நிலத்தைக் கெடுப்பது, விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, நிலக்காரரின் உரிமையையே மறுப்பது என்று சில காரணங்களுக்குத்தான் வெளியேற்ற முடியும். அதுவும் உரிய வருவாய் அதிகாரியிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்கினால்தான். ஓட்டு அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மூட்டை அளந்ததற்கு ரசீது இல்லை, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகைப் பதிவும் இல்லை. இப்போது போய் மனுக் கொடுத்தால் சண்டைக்கு அழைப்பது போலாகும். தேர்தல் முடியட்டும். அதற்குள் கொள்முதல் நிலையச் சீட்டு, சொசைட்டிக் கடன் காகிதம், உங்கள் கணவர் பெயரில் வாங்கிய அடங்கல் நகல், உர ரசீது என்று கிடைத்ததையெல்லாம் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். குத்தகையை ஒரு போகம்கூட பாக்கி வைக்காதீர்கள். அவர் வாங்க மறுத்தால் கட்டிவைக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

மகள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கடிதத்தில் மற்ற எல்லா இடத்திலும் உங்களுக்கு மற்றவர்கள் செய்தது இருக்கிறது. இங்கே மட்டும் நீங்கள் செய்தது இருக்கிறது.

மகளிடம் என்ன சொன்னீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கேன், நீ மாத்திப் போட்டா மாதா உன்னைச் சும்மா விடமாட்டா.’ மேலே 171-ஆம் பிரிவைப் பற்றி நான் எழுதியதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சாமியார் பீடத்திலிருந்து சொன்னதும் நீங்கள் போனில் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். உங்கள்மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்கள் வயிற்றைப் பிசைந்தது எதுவோ, அதைத்தான் விடுதி வராந்தாவில் நின்றுகொண்டு அவள் அனுபவித்திருப்பாள்.

‘தாய் தந்தையை மதித்து நட’ என்ற நான்காம் கட்டளையை நினைவூட்டியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இரண்டாம் கட்டளை ஒன்று இருக்கிறது, ஆண்டவர் பெயரை வீணாகச் சொல்லாதே என்று. தட்டில் படம் வைத்து வந்த பெண் அதை மீறினார். அவரிடமிருந்து வாங்கி நீங்கள் மகளிடம் நீட்டியிருக்கிறீர்கள். மற்றபடி, அவள் பெயரில் நீங்கள் செய்த சத்தியம் அவளை எந்தச் சட்டத்திலும் கட்டாது, அவள் அந்த வீட்டிலேயே இல்லை.

நீங்கள் பணத்தை எதற்குச் செலவழித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது. அவள் படிப்புக்குத்தான். அதனாலேயே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். கோபப்படவும் முடியாது, நன்றி சொல்லவும் முடியாது.

உங்களுக்கென்று அரசியல் கருத்தே இல்லாதது போல எழுதியிருக்கிறீர்கள். நாலாம் பக்கத்தில், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் ஆனது, கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைத்தது, பதினேழு சதவீத ஈரத்துக்குத் தார்ப்பாய் போட்டுக் காவல் காத்தது, மகளுக்கு உதவித்தொகை ஏன் தள்ளிப்போனது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். இதைவிட வேறென்ன கருத்து வேண்டும்? மகளிடம் பேசுவதென்றால் இதைப் பேசுங்கள். அவள் வேறு கணக்குப் போட்டு வேறு பொத்தானை அழுத்தினால் அழுத்தட்டும்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் அவள் வருவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சாப்பாடு போட்டபிறகு, மகன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘வித்தது தப்புதான்’ என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் சேர்ந்தே போங்கள். வெளியே வந்ததும் யாருக்குப் போட்டாய் என்று மட்டும் அவளைக் கேட்காதீர்கள்.